கூடலூர் அணியின் பிட்சர்

எனக்கு அரசு வேலை கிடைத்தது பேஸ்பாலால். இதைச் சொன்னால் அலுவலகத்தில் யாரும் உடனே நம்புவதில்லை. கிரிக்கெட்டா என்று திருப்பிக் கேட்பார்கள். இல்லை, பேஸ்பால் என்பேன். அமெரிக்காவில் ஆடுவார்களே, அதுவா என்பார்கள். அதுதான். குமுளி மலைக்குக் கீழே, தமிழ்நாட்டின் கடைசி ஊரான கூடலூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அதைக் கற்றுக்கொண்டேன் என்று சொல்வேன். கேட்டுச் சிரித்துவிட்டு அவரவர் கோப்புக்குத் திரும்பிவிடுவார்கள். என்னோடு ஆடி, என்னைவிடப் பல மடங்கு நன்றாக ஆடி, அந்த வேலை கிடைக்காமல் போன ஒருத்தியைப் பற்றி நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் விளையாட்டு ஆசிரியர் ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வரும்போது ஒரு அலுமினிய மட்டை, இரண்டு பந்துகள், நான்கு கையுறைகள் கொண்டுவந்தார். எல்லாம் ஒரு கோதுமைச் சாக்கில் இருந்தன. பெண்களை மட்டும் மைதானத்து வாகை மரத்தடியில் உட்காரவைத்துப் பேசினார்.

“கபடிக்குப் போனா கூட்டம் தாங்கல. வாலிபாலும் அப்படித்தான். இது புதுசு. மாவட்டத்துல வேற டீமே கிடையாது. நேரா ஸ்டேட்டுக்குப் போயிரலாம். ஸ்டேட்டுல ஆடுனா சர்டிபிகேட்டு. சர்டிபிகேட்டு இருந்தா காலேஜு, வேலைன்னு ஒரு வழி இருக்கு. யார் யாரு வாரீக?”

விளையாட்டு என்னவென்றே தெரியாமல் பதினோரு பேர் கை தூக்கினோம். நான் தூக்கியதற்குக் காரணம் கணக்கு வகுப்பு. மற்றவர்களுக்கும் பெரிய காரணம் எதுவும் இருந்திருக்காது.

சார் சுவரில் சுண்ணாம்பால் ஒரு சதுரம் வரைந்தார். இருபது தப்படிக்கு மேல் தள்ளி ஒரு கோடு போட்டு, அங்கிருந்து ஆளுக்கு ஐந்து முறை எறியச் சொன்னார். பெரும்பாலோர் பந்து சுவருக்கே போகவில்லை. என் பந்து போனது, ஆனால் ஒன்று தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்தது. கடைசியாக ஒருத்தி எழுந்து வந்தாள். பக்கத்து வகுப்பு. மெலிந்து, நீண்ட கைகளோடு இருப்பாள். இடது கையால் எறிந்தாள். ஐந்தும் சதுரத்துக்குள் பட்டன. சார் கோட்டை இன்னும் பின்னால் தள்ளிப் போட்டார். அங்கிருந்தும் நாலு உள்ளே விழுந்தது.

“எங்கன பழகுன?” என்று சார் கேட்டார்.

“தேங்காய் லோடு சார்.”

அவள் அப்பா தென்னந்தோப்புகளில் லாரிக்குத் தேங்காய் ஏற்றுகிறவர். கீழே நிற்பவர் எறிய எறிய மேலே நிற்பவர் பிடித்து அடுக்க வேண்டும். விடுமுறை நாட்களில் அவளும் போவாளாம். மேலே நிற்பவர் கையை நகர்த்தாமல் வாங்கும்படி எறியவில்லையென்றால் திட்டு விழும் என்றாள். அம்மா ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர். விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே கேரளா போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவார்.

அவள் எறிகிறவளானாள், அதாவது பிட்சர். மட்டையோடு நிற்பவளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து அந்தப் பந்தைப் பிடிக்கிறவள் கேச்சர். அந்த இடத்துக்கு எங்களில் ஒவ்வொருத்தியாக உட்காரவைத்துப் பார்த்தார் சார். பந்து வரும்போது எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. தைரியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவள் எறிவது குறி தவறாது என்று எனக்கு ஏனோ நம்பிக்கை இருந்தது.

கேச்சருக்கு முகக்கூடு வேண்டும். எங்களிடம் இல்லை. சாரின் பைக் ஹெல்மெட்டைத்தான் முதல் ஒரு வருடம் மாட்டிக்கொண்டேன். கண்ணாடியை இறக்கினால் மூச்சு முட்டும், ஏற்றினால் சார் திட்டுவார். காலுக்குப் பழைய கிரிக்கெட் பேடு. மட்டைக்காரி நிற்கும் இடத்தைக் குறிக்கும் தட்டை, லாரி டயருக்குப் பின்னால் தொங்கும் ரப்பரில் வெட்டினோம். ஓடித் தொட வேண்டிய மூன்று இடங்களிலும் மணல் நிரப்பிய உர மூட்டைகள். மைதானத்தை ஒட்டிய வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வருகிறவர்கள் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார்கள். ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

“புள்ளைக நல்லாத்தான் ஓடுதுக. எதுக்கு ஓடுதுகன்னுதான் வெளங்கல.”

எங்களோடு ஆட வேறு அணி இல்லாததால் சாரே அணிகளை உண்டாக்கினார். சனிக்கிழமைகளில் பஸ் ஏறிச் சின்னமனூர்ப் பள்ளிக்குப் போய் அங்குள்ள பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு கம்பம். பிறகு ஆண்டிபட்டிப் பக்கம் மயிலாடும்பாறை. சின்னமனூர் அணி எங்களோடு முதல் முறை ஆட வந்தபோது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஏழு கையுறைகள்தான் இருந்தன. எங்கள் முறை முடிந்ததும் கையுறைகளைக் கழற்றிப் புல் மேல் போட்டுவிட்டு வருவோம். அவர்கள் வந்து எடுத்து மாட்டிக்கொள்வார்கள். உள்ளே வியர்வை ஈரம் அப்படியே இருக்கும். யாரும் முகம் சுளித்ததில்லை.

நானும் அவளும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவள் பேச்சு குறைவு. ஆனால் ஆட்டத்தில் எங்களுக்குள் விரல்தான் பேச்சு. நான் தொடைகளுக்கு நடுவில் ஒரு விரல் காட்டினால் நேர்ப் பந்து. இரண்டு விரல் காட்டினால் மெதுப் பந்து. அந்த மெதுப் பந்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பந்தை விரல் நுனியில் பிடிக்காமல், தேங்காயைப் பிடிப்பது போல உள்ளங்கைக்குள் அழுத்திப் பிடிப்பாள். கை வேகமாகத்தான் வரும், பந்து பின்தங்கி வரும். தட்டுக்கு அருகில் வரும்போது கால் இடறினது போலக் கீழே இறங்கும். மட்டை அதற்கு முன்பே சுற்றிப் போயிருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலப் போட்டிக்குப் போனோம். அரையிறுதியில் எதிரணி பட்டணத்துப் பள்ளி. ஆளுக்கொரு கையுறை, ஒரே நிறத்தில் காலணி. கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால் இருந்தோம். அவர்களில் மூன்று பேர் மூன்று மூட்டையிலும் நிற்கிறார்கள். இன்னும் ஒருத்தியை ஆட்டமிழக்கச் செய்தால் முடிந்தது. மட்டையோடு வந்தவள் ஆளும் உயரம், அதற்கு முன்பு இரண்டு முறை எங்கள் பந்தைத் தூர அடித்தவள். நான் ஒரு விரல் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. மறுபடி ஒரு விரல். மறுபடி வேண்டாம். இரண்டு விரல் காட்டியதும்தான் கையைத் தூக்கினாள். மட்டைக்காரி முன்கூட்டியே சுற்றிவிட்டாள். அடுத்ததும் மெதுப் பந்துதான் கேட்டாள், இரண்டு விரல் காட்டினேன். மட்டைக்காரி மறுபடி காற்றில் சுற்றினாள். மூன்றாவதும் தவறினால் அவள் அவுட். இனி நேர்ப் பந்து என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள், நானும் நினைத்தேன். அவள் மூன்றாவதும் அதையே எறிந்தாள். பந்து என் கையுறைக்குள் மண்ணோடு வந்து விழுந்தது. மட்டைக்காரி கால் பின்னி உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் இறுதிப் போட்டியில் தோற்றோம். அதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

“நாளைக்கு எங்கம்மா ஜீப்புக்குப் போகாது. நான் செமி பைனல் ஜெயிச்சிட்டு வாரேன்னு தெரியும்ல. வீட்டுல இருக்கும்.”

மறுநாள் காலை பள்ளியில் பார்த்தபோது கேட்டேன், அம்மா என்ன சொன்னார்கள் என்று. “நான் எந்திரிக்கிறதுக்குள்ள போயிருச்சு. தலைமாட்டுல முட்டை அவிச்சு வச்சிருந்துச்சு” என்றாள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து இருவரும் தேனிப் பக்கம் ஒரே பெண்கள் கல்லூரியில் சேர்ந்தோம். எங்கள் வீட்டில் திராட்சைத் தோட்டம் இருந்தது, அப்பா படிக்கவைத்திருப்பார். அவளுக்கு அந்த இடம் கிடைத்திருக்காவிட்டால் படிப்பே இல்லை. அவளுக்கு அது தெரியும். ஒரு நாள் பயிற்சிகூட விடமாட்டாள்.

இரண்டாம் வருடம் தேசியப் போட்டிக்கு மாநில அணி தேர்வு வந்தது. இருவருக்கும் அழைப்பு. கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால், கல்லூரி மைதானத்தில் அவள் எறிய நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கேச்சர் எறிகிற கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அசட்டையாகக் கையுறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மெதுப் பந்து தரையில் பட்டு எழும்பி என் வலது ஆள்காட்டி விரலில் அடித்தது. ஒரு சுள்ளி முறிந்தது போலச் சத்தம் கேட்டது. அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்வரை நான் அழவில்லை. அவள்தான் அழுதாள்.

“நானும் போகல. நீ இல்லாம யாருக்குப் போடுறது?”

“போடி. ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து என்ன செய்ய? போயி ஆடிட்டு வா.”

போனாள். வடக்கே எங்கேயோ, ரயிலில் மூன்று நாள். அங்கிருந்து ஒரே ஒரு முறை போனில் பேசினாள். குளிரில் விரல் மரத்துப் போவதால் பந்தைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு எறிவதாகச் சொன்னாள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி வெள்ளிப் பதக்கம் வாங்கியது. ஊர் திரும்பியதும் தன் வீட்டுக்குப் போகாமல் பையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதக்கத்தை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையோடு என் அம்மாவிடம் காட்டினாள். அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “பொழச்சுக்குவ ஆத்தா” என்றார்.

நாங்கள் அறியாத ஒன்று அந்த வருடம் நடந்திருந்தது. மேலே இந்த விளையாட்டுக்கான சங்கம் இரண்டாக உடைந்திருந்தது. யாருக்குள் என்ன தகராறு என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. இரண்டு தலைவர்கள், இரண்டு கடிதத்தாள்கள், இரண்டு தேசியப் போட்டிகள். அவள் ஆடப் போனது அதில் ஒன்று.

மறு வருடம் எனக்கு அழைப்பு வந்தது, இன்னொரு சங்கத்திலிருந்து. முந்தின வருடம் எதிர்ச் சங்கத்துக்கு ஆடியவர்களைச் சேர்க்கமாட்டோம் என்று அதிலேயே எழுதியிருந்தது. அவளுக்கு அழைப்பு இல்லை. விரல் உடைந்து வீட்டில் கிடந்ததால் நான் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதனால் எனக்குத் தடையில்லை.

அவளிடம் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை வாசித்தாள்.

“நீ போ. எனக்குத்தான் ஒண்ணு இருக்குல்ல” என்றாள்.

நான் மாற்று கேச்சராகப் போனேன். ஆறு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் பிட்சர்கள் கையைச் சூடாக்க எறிவதைப் பிடிப்பது மட்டும்தான் என் வேலை. ஒரு ஆட்டத்தில்கூடக் கோட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. எங்கள் அணி பதக்கமும் வாங்கவில்லை. ஆனால் பங்கேற்றதற்கு எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள்.

படிப்பு முடிந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பித்தோம். எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினோம். சான்றிதழ் சரிபார்க்க ஒரே நாளில் அழைத்தார்கள். முந்தின நாள் சார் போன் செய்தார். அதற்குள் அவருக்கும் விவரம் தெரிந்திருந்தது.

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ரெண்டு சங்கம், தகராறுன்னு வாயத் தொறந்துராத. சந்தேகம் வந்துச்சுன்னா ரெண்டு பேர் பைலையும் தூக்கி ஓரமா வச்சிருவாக.”

இதை அவளிடமும் சொன்னாரா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

ஒரு பெரிய கூடம். வரிசையாக மேசைகள். அகர வரிசைப்படி அவள் எனக்கு முன்னால் நின்றாள். மேசையில் இருந்தவருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கடுமையானவர் என்று சொல்லமாட்டேன். அவள் சான்றிதழைப் பார்த்தார், தன்னிடமிருந்த பட்டியலைப் பார்த்தார், மறுபடி சான்றிதழைப் பார்த்தார்.

“இந்தச் சங்கம் நம்ம லிஸ்டுல இல்லியேம்மா.”

“நேஷனல் சார் அது. வெள்ளி வாங்கிருக்கோம். மெடலும் கொண்டாந்திருக்கேன்.”

பையிலிருந்து பதக்கத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. கையை நீட்டி என் கோப்பை வாங்கினார். என் சான்றிதழில் இருந்த சங்கம் அவர் பட்டியலில் இருந்தது. இரண்டு தாளையும் அருகருகே வைத்தார்.

“ரெண்டு பேரும் ஒரே ஊரு. ஒரே விளையாட்டு. பேப்பர் மட்டும் வேற வேறயா இருக்கு” என்றவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இந்தப் பொண்ணு ஆடுனது உனக்குத் தெரியுமாம்மா? நீங்க சேந்து ஆடிருக்கீங்களா?”

அவள் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். அவள் தலையில் வைத்திருந்த எண்ணெய் வாசனைகூட எனக்கு வந்தது.

“தெரியாது சார்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அவள் கோப்பை இடது பக்கத்தில் வைத்தார். என்னுடையதில் முத்திரை குத்தினார். அவள் பதக்கத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவள் போயிருந்தாள். காலையில் ஒன்றாக வந்தோம். திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இடத்தில் யாரோ ஒருவர் வாழைத்தாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் தெரியும் என்று சொல்லியிருந்தாலும் பட்டியலில் இல்லாத சங்கம் பட்டியலுக்குள் வந்திருக்காது. இதைப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. ஆனால் அந்த நேரத்தில் நான் அதை யோசித்துப் பதில் சொல்லவில்லை. என் தாள் இடது பக்கம் போய்விடக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன்.

வேலை உத்தரவு வந்ததும் இனிப்பு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி இருக்கும். அவள் அம்மா வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டார்.

“ரொம்ப சந்தோசம் ஆத்தா. அவ தூங்குறா.”

வீட்டுக்குள் ஒரு சேலையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே அவள் பாதங்கள் தெரிந்தன. நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் அம்மாவிடம் இன்னும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பினேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

ஒரு வருடம் அவள் மனு எழுதிக்கொண்டிருந்தாள் என்று கேள்விப்பட்டேன். சாரும் எழுதிக் கொடுத்தார். பிறகு சார் ஓய்வுபெற்றுத் தன் மகன் ஊருக்குப் போய்விட்டார். அவள் அம்மாவோடு ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகத் தொடங்கினாள். இதை என் அம்மாதான் போனில் சொன்னார். “உங்கூட பந்து வெளாடுவால்ல, அந்தப் புள்ளய ஜீப்புல பாத்தேன். கறுத்துப் போச்சு.” பிறகு கல்யாணம் என்று கேள்வி. எனக்குப் பத்திரிகை வரவில்லை.

இதற்கிடையில் விளையாட்டு வளர்ந்தது. சார் அன்று பஸ் ஏறிப் போய்ச் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் எல்லாவற்றிலும் இப்போது அணி இருக்கிறது. அங்கே படித்த சில பெண்கள் விளையாட்டு ஆசிரியைகளாகி மற்றப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாவட்டப் போட்டிகளுக்கு நான் நடுவராகப் போகிறேன். ஒவ்வொருத்தியிடமும் சொந்தக் கையுறை இருக்கிறது. கம்பி போட்ட முகக்கூடு, மார்புக் கவசம் எல்லாம் இருக்கின்றன. மயிலாடும்பாறைப் பெண்கள் தங்கள் ஊர்ப் பெயர் அச்சடித்த சட்டையில் வருகிறார்கள். பஸ்ஸில் நீளப் பையைப் பார்த்தால் கண்டக்டரே, “பேஸ்பாலா, எங்கன மேட்ச்சு?” என்று கேட்கிறார். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ஒரு பிட்சர் கையைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவு வந்துவிடும். அந்த மெதுப் பந்தை யாரும் எறிவதில்லை. எறியத் தெரிந்தவர் இல்லை.

இரண்டு வருடம் முன்பு அந்த இரண்டு சங்கங்களும் ஒன்றாகிவிட்டன. சண்டை போட்டவர்கள் ஒரே மேடையில் மாலை போட்டுக்கொண்ட படம் நடுவர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் வந்தது. சில மாதங்களில் ஒரு உத்தரவும் வந்தது. பிரிந்திருந்த காலத்தில் இரு தரப்பும் கொடுத்த சான்றிதழ்களை இனி செல்லுபடியானவையாகக் கருதலாம் என்று. அதை அலுவலகத்தில் வைத்து வாசித்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது. அச்செடுத்துக்கொண்டு அரை நாள் விடுப்புப் போட்டுக் கூடலூருக்கு ஸ்கூட்டியில் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீடு எங்கே என்று தெரியாது. ஜீப் வந்து நிற்கும் இடம் தெரியும்.

நாலரை மணிக்கு மேல் ஜீப்புகள் ஒவ்வொன்றாக மலையிலிருந்து இறங்கி வந்தன. ஒவ்வொன்றிலும் பெண்கள் தூக்குவாளியும் பையுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ ஜீப்பிலிருந்து அவள் இறங்கினாள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும் நின்றாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள்.

“என்ன, ஆபீசு லீவா?” என்றாள், நேற்றுப் பார்த்தவளைக் கேட்பது போல.

“அரை நாள். உன்னப் பாக்கத்தான் வந்தேன்.”

பக்கத்தில் மூடியிருந்த கடையின் படியில் உட்கார்ந்தோம். அவள் விரல்களில் ஏலக்காய்க் கறை ஏறிக் கறுத்திருந்தது. தாளைக் கொடுத்தேன். நிதானமாக, பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அந்த அழைப்புக் கடிதத்தை வாசித்தது போலவே, இரண்டு முறை வாசித்தாள்.

“இப்ப செல்லும்னு போட்டிருக்காக” என்றேன்.

“ம். வயசு?”

அந்த வேலைக்கு வயது வரம்பு எத்தனை என்று எனக்குத் தெரியும். எங்கள் வயதும் தெரியும். வரும் வழியெல்லாம் தெரிந்துகொண்டேதான் வந்தேன்.

“தாண்டிருச்சுல்ல” என்று அவளே சொன்னாள். தாளை மடித்துத் திருப்பிக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

“பள்ளிக்கூடத்துல இப்ப நல்லா ஆடுறாக. பிட்சிங் சொல்லிக்குடுக்கத்தான் ஆளில்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் நீ வந்தீன்னா…”

அவள் இடது கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கிக் காட்டினாள். தோள் மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

“இம்புட்டுத்தான் போகுது. காய் மூட்ட தூக்கித் தூக்கி. டாக்டரு தண்ணிக்கொடங்கூடத் தூக்காதன்னாரு.”

“சொல்லிக்குடுக்கத்தானே. வாயாலே சொன்னாப் போதும்ல.”

“எனக்கு வாயால சொல்லத் தெரியாது புள்ள.”

இன்னொரு ஜீப் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அப்போது கேட்கவில்லையென்றால் இனி எப்போதும் கேட்கமாட்டேன் என்று தோன்றியது.

“அன்னைக்கி அந்த ஹால்ல அவரு எங்கிட்ட கேட்டப்ப…”

“கேட்டுச்சு.”

“நான் பயந்துட்டேன்.”

“தெரியும். நீ என்ன சொல்லிருந்தாலும் அவுக குடுத்திருக்க மாட்டாக. அதுவும் எனக்குத் தெரியும்.”

“அப்பறம் ஏன் இத்தன வருசம் எங்கூட பேசல?”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. கோபமிருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“என்னையத் தெரியாதுன்னு சொன்ன. அதுக்கப்பறம் நான் யாருன்னு வந்து பேசுறது? தெரியாத ஆளுகூட என்ன பேச?”

மன்னித்துவிடு என்று சொன்னேன். அந்த வார்த்தை எனக்கே எழுத்தில் வருவது போல, அந்நியமாகக் கேட்டது. அவள் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மகள் டியூஷன் முடிந்து வந்துவிடுவாள், வீட்டில் யாருமில்லை என்றாள். எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டேன். இரண்டாவது. தாளைத் தூக்குவாளிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்றதற்கு, பக்கந்தான் என்றாள். எந்தத் திசையில் திரும்பினாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு எது என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவளை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறை கம்பத்தில் மருந்துக்கடையில். மகளுக்குக் காய்ச்சல், மூன்று நாளாக விடவில்லை என்றாள். எந்த டாக்டர் என்று கேட்டேன், சொன்னாள். இன்னொரு முறை சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், கணவரோடு. “இவங்க நம்ம ஊர்க்காரங்க, தேனில வேலை பாக்குறாக” என்று என்னை அவருக்கு அறிமுகப்படுத்தினாள். அவர் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன்.